மாணவர் செயற்கைக்கோள்: ஒன்பது வருடம் நீளும் புராஜெக்டால் மாணவனுக்கு என்ன கிடைக்கிறது?

வாசகர் கேள்வி, 3 ஜூன் 2024

என் மகன் மின்னணுவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். அவன் கல்லூரியில் செயற்கைக்கோள் செய்யும் மாணவர் குழு ஒன்று இருக்கிறது. அதில் சேர்ந்து ஒரு வருடமாகச் சனி ஞாயிறுகூட வீட்டுக்கு வருவதில்லை. குழு தொடங்கி ஐந்து வருடம் ஆகிறதாம், இன்னும் எதுவும் பறக்கவில்லை. தான் படிப்பை முடிக்கும்வரையிலும் பறக்காது என்று அவனே சொல்கிறான். ஆறு மாதத்தில் முடிகிற ஒரு புராஜெக்டைச் செய்தால் நேர்முகத் தேர்வில் காட்டவாவது ஒன்று இருக்கும் என்கிறார் அவன் அப்பா. இவை கல்லூரி விளம்பரத்துக்காக நடப்பவை என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. தவறென்றால் சொல்லுங்கள்.

3 ஜூன் 2024, இரவு 10.40

அம்மா, உங்கள் மகன் சொன்னது உண்மை. அவன் மாணவனாக இருக்கும் காலத்தில் அது பறக்க வாய்ப்பு மிகக் குறைவு. மும்பை ஐஐடி மாணவர்களின் பிரதம் 2007-இல் தொடங்கப்பட்டு, 2016 செப்டம்பர் 26 அன்று பிஎஸ்எல்வி-சி35 ராக்கெட்டில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனது. பத்துக் கிலோ எடையுள்ள ஒரு பெட்டிக்கு ஒன்பது வருடம். புணே பொறியியல் கல்லூரி மாணவர்களின் ஸ்வயம் 2008-இல் தொடங்கி 2016 ஜூன் 22 அன்று பிஎஸ்எல்வி-சி34-இல் ஏறியது. அதன் எடை ஒரு கிலோதான். நான்கு வருடப் படிப்பு என்று வைத்துக்கொண்டால், தொடங்கியவர்களும் ஏவப்பட்ட அன்று குழுவில் இருந்தவர்களும் வகுப்பறையில் ஒருவரையொருவர் பார்த்தே இருக்க முடியாது.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. 2008 முதல் 2010 வரை நானும் இப்படி ஒரு குழுவில் இருந்தேன். எங்கள் பெட்டி இன்றுவரை பறக்கவில்லை. ஆனாலும் இன்று என் வேலையில் நான் நம்பிச் செய்கிற பல காரியங்களை அந்த இரண்டு வருடங்கள்தான் கற்றுத்தந்தன. ஏன் என்று விளக்க ஒரு குறிப்பு போதாது. நாளை எழுதுகிறேன்.

4 ஜூன் 2024

இவ்வளவு காலம் ஏன் ஆகிறது என்பதை முதலில் பார்க்கலாம், ஏனெனில் விளம்பரம் என்ற ஐயம் அங்கிருந்துதான் பிறக்கிறது.

1999-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா பாலிடெக்னிக் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜோர்டி புய்க்-சுவாரியும் ஸ்டான்ஃபோர்டின் பாப் ட்விக்ஸும் கியூப்சாட் என்ற அளவுமுறையை வகுத்தார்கள். பக்கத்துக்குப் பத்து சென்டிமீட்டர், எடை சுமார் ஒரு கிலோ. மாணவன் படித்து முடிப்பதற்குள் ஒரு செயற்கைக்கோளை வடிவமைத்து, செய்து, சோதித்து, அனுப்பி, அதன் தகவலையும் வாங்கிப் பார்த்துவிட வேண்டும் என்பதே அவர்களின் நோக்கம். சிறியதாக்கினால் காலம் குறையும் என்று கணக்கிட்டார்கள். பெட்டி சிறியதானது, காலம் எதிர்பார்த்த அளவு குறையவில்லை.

ராக்கெட்டில் இடம் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும். அலைவரிசைக்கு அனுமதி வாங்க வேண்டும். அதிர்வுச் சோதனை, வெற்றிடத்தில் சூட்டையும் குளிரையும் மாற்றி மாற்றிக் கொடுக்கும் சோதனை ஆகியவற்றைச் செய்யும் கூடங்கள் கல்லூரியில் கிடையா; வெளியே ஓரிடத்தில் தேதி வாங்கிப் போக வேண்டும். அந்தத் தேதி பருவத் தேர்வின்மேல் வந்து விழும். இவை எல்லாருக்கும் உள்ளவை.

மாணவர் குழுவுக்கென்று தனியாக உள்ள ஒரு காரணம் வேறு. ஒவ்வொரு மே மாதமும் குழுவில் அதிகம் தெரிந்தவர்கள் அனைவரும் ஒரே நாளில் வெளியேறிவிடுகிறார்கள். ஒரு தொழிற்சாலையில் மூத்த பொறியாளர்கள் எல்லாரும் வருடந்தோறும் ஒரே வெள்ளிக்கிழமை ராஜினாமா செய்தால் அது என்னவாகும் என்று உங்கள் கணவரைக் கேட்டுப் பாருங்கள். ஜூலையில் புதிதாக வருபவர்கள் பாதி வேலையைத் திரும்பச் செய்கிறார்கள். பிரதம், ஸ்வயம் குழுக்கள் எட்டு, ஒன்பது முறை இந்த மாற்றத்தைத் தாண்டி வந்தன என்பதே அவற்றின் பெரிய சாதனை என்று நான் கருதுகிறேன்.

4 ஜூன் 2024, சற்று நேரம் கழித்து

"தாண்டி வந்தன" என்று எழுதியது எவ்வளவு கடினமானது என்பதற்கு என் சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன்.

2008 ஏப்ரல் 28 அன்று பிஎஸ்எல்வி-சி9 ராக்கெட் கார்ட்டோசாட்-2ஏ உட்படப் பத்துச் செயற்கைக்கோள்களைக் கொண்டுபோனது. அவற்றில் ஒன்று நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள் செய்த டெல்ஃபி-சி3. மூன்று கியூப்சாட்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய நீளம். மெல்லிய படலமாக அமைந்த புதுவகைச் சூரிய மின்கலங்களையும், கம்பியில்லாமல் இயங்கும் சூரிய உணரிகளையும் விண்வெளியில் சோதிப்பது அதன் வேலை. அதன் தகவலைப் பிடித்து அனுப்பும்படி உலகெங்கும் உள்ள ஹாம் வானொலி அன்பர்களிடம், அதாவது பொழுதுபோக்காக வானொலித் தொடர்பு செய்பவர்களிடம், அந்த மாணவர்கள் கேட்டிருந்தார்கள். அது பேசும் அலைவரிசை 145.870 மெகாஹெர்ட்ஸ்.

அந்த ஆகஸ்டில் நாங்கள் மூன்றாம் ஆண்டு மாணவர்கள். எங்கள் பெட்டி பறப்பதற்கு முன் தரைநிலையத்தைப் பழக வேண்டும் என்று சீனியர்கள் சொல்லியிருந்தார்கள். தச்சர்கள் வைத்திருக்கும் எஃகு இஞ்ச் டேப்பை ஒரு மீட்டர் துண்டுகளாக வெட்டி, பிவிசி குழாயில் கட்டி, மூன்று கால்கள் உள்ள, வேண்டிய திசையில் திருப்பிப் பிடிக்கும் ஒரு யாகி ஆன்டெனா செய்தோம். ஊரில் இருந்த ஒரு ஹாம் அன்பர் தம் பழைய ரிசீவரை இரவல் தந்தார். டெல்ஃபி-சி3 கடந்துபோகும் நேரத்தைக் கணித்துக்கொண்டு, இரவு ஒன்பதரை மணிக்கு ஹாஸ்டல் மொட்டைமாடியில் ஏறி நின்றோம்.

ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் இரவும் இல்லை. ஆன்டெனாவைக் கழற்றி மறுபடி பற்றவைத்தோம். இஞ்ச் டேப்பின் மஞ்சள் வண்ணத்தை நன்றாகச் சுரண்டவில்லை என்று ஒருவன் சொல்ல, அதையும் உப்புத்தாளால் தேய்த்தோம். கேபிளை மாற்றினோம். ஒரு வாரம் போயிற்று.

பிறகு சீனியர் அண்ணன் ஒருவர் மாடிக்கு வந்து, "அதில் பேட்டரியே கிடையாது, தெரியுமா?" என்று கேட்டார். டெல்ஃபி-சி3-இல் பேட்டரி வைக்கவில்லை. வெயில் படும்போது மட்டும் உயிர் வரும். பூமியின் நிழலுக்குள் போனால் அணைந்துவிடும். சுமார் 635 கிலோமீட்டர் உயரத்தில் நம் தலைக்கு மேல் இரவு ஒன்பதரைக்கு வரும்போது அது முழு நிழலில் இருந்தது. நாங்கள் ஒரு வாரமாகத் தூங்குகிற பெட்டியை நோக்கி ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டிருந்தோம்.

மறுநாள் காலை, முதல் வகுப்பைத் தவறவிட்டு மாடியில் நின்றோம். ஒன்பதே முக்கால் இருக்கும். முதலில் வெறும் இரைச்சல். பிறகு அந்த இரைச்சலுக்குள், தகரத்தில் அரம் உரசுவதுபோல் ஒரு ஒலி எழுந்தது. வரும்போது மூன்று கிலோஹெர்ட்ஸ் மேலேயும் போகும்போது மூன்று கிலோஹெர்ட்ஸ் கீழேயும் அலைவரிசை நகரும் என்று டாப்ளர் பாடத்தில் படித்திருந்தோம். அன்று அது என் விரலுக்குள் நடந்தது. குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே இருந்தால்தான் ஒலி நிற்காமல் வந்தது. பத்து நிமிடத்தில் தெற்கே போய் மறைந்துவிட்டது. ஒரு வாட்டுக்கும் குறைவான திறனில், வேறொரு நாட்டு மாணவர்கள் செய்து, நம் கடற்கரையிலிருந்து மேலே போன பொருள் அது. என்னுடன் நின்றவன் அழுதுவிட்டான்.

5 ஜூன் 2024

"அனுசாட் பற்றி ஏன் எழுதவில்லை, அது மாணவர் செயற்கைக்கோள் இல்லையா, அல்லது இஸ்ரோ செய்துகொடுத்ததா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் அனுசாட் 2009 ஏப்ரல் 20 அன்று பிஎஸ்எல்வி-சி12-இல் ரிசாட்-2 உடன் சென்றது. நாற்பது கிலோ. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று உருவாக்கிய முதல் செயற்கைக்கோள். ஒரு நிலையத்திலிருந்து செய்தியை வாங்கி வைத்துக்கொண்டு, வேறொரு இடத்தைக் கடக்கும்போது இறக்கித் தரும் கருவி அதில் இருந்தது. குரோம்பேட்டையில் உள்ள எம்ஐடி (மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி) வளாகத்தில் அதற்கான பணிகள் நடந்தன. இஸ்ரோவின் வழிகாட்டுதல் முழுக்க இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. பேராசிரியர்களும் ஆராய்ச்சியாளர்களும் நடத்திய திட்டம் என்பதால், மாணவர்களே நடத்திய பிரதம் போன்றவற்றோடு அதை ஒரே தட்டில் வைக்க மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு வந்தவர்களுக்குக் கதவைத் திறந்தது அதுதான். அடுத்த ஆண்டே, 2010 ஜூலை 12 அன்று, கர்நாடக, ஆந்திர மாநிலங்களின் ஏழு கல்லூரி மாணவர்கள் சேர்ந்து செய்த ஸ்டட்சாட் பறந்தது. ஒரு கிலோவுக்கும் குறைவு. 2011 அக்டோபர் 12 அன்று கான்பூர் ஐஐடியின் ஜுக்னுவும் நம் எஸ்ஆர்எம் பல்கலைக்கழகத்தின் எஸ்ஆர்எம்சாட்டும் ஒரே ராக்கெட்டில் போயின. 2017 ஜூன் 23 அன்று கன்னியாகுமரி மாவட்டத்து நூருல் இஸ்லாம் பல்கலைக்கழகத்தின் பதினைந்து கிலோ நியுசாட்.

ஒரு கல்லூரியின் பெயர் இந்தப் பட்டியலில் ஒருமுறை வந்தபின் மறுமுறை வருகிறதா என்பதை நான் முக்கியமாகப் பார்ப்பேன். ஒரு குழு கற்றது அடுத்த குழுவுக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது அதில்தான் தெரியும்.

7 ஜூன் 2024

மஞ்சள் கம்பியைப் பற்றி எழுத வேண்டும். இரண்டு நாளாக எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன்.

2009 ஜூலையில் சீனியர்கள் போன பிறகு பெட்டி எங்கள் கைக்கு வந்தது. பெட்டி என்றால் பறக்கும் பெட்டி இல்லை. லேபில் வைத்துப் பார்க்கும் மாதிரி. ஒரு மின்வழங்கல் பலகை, பிக் மைக்ரோகன்ட்ரோலர் என்ற குட்டிக் கணினிச் சில்லு பொருத்திய ஒரு கட்டுப்பாட்டுப் பலகை, சின்ன டிரான்ஸ்மிட்டர். சிவப்பு, கறுப்பு, பச்சைக் கம்பிகள் எல்லாம் எங்கோ போய்ச் சேர்ந்திருந்தன. ஒரு மஞ்சள் கம்பி மட்டும் முனை சீவப்பட்டு, எதனோடும் சேராமல், பலகையின் ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

மின்சாரம் கொடுத்தோம். பெட்டி அசையவில்லை. பேட்டரியில் மின்னழுத்தம் இருக்கிறது. மின்னழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டருக்குப் பின்னால் பூஜ்யம். ரெகுலேட்டரை மாற்றினோம். மைக்ரோகன்ட்ரோலரை மாற்றினோம். சீனியர் அண்ணன்களில் ஒருவர் பெங்களூரில் பயிற்சியில் இருந்தார், ஒருவர் மேற்படிப்புக்காக வெளிநாடு போயிருந்தார். தொலைபேசியில் கேட்டால் "எங்களிடம் ஓடிக்கொண்டிருந்ததே" என்றார்கள். ஆறு வாரம் இப்படியே கழிந்தது. முதல் ரிவ்யூவில் காட்ட எதுவும் இல்லாததால், சுற்றுவரைபடத்தை அச்சிட்டுக்கொண்டு போய் நின்றோம்.

ஒருநாள் மாலை, மல்ட்டிமீட்டரின் முனை தவறி மஞ்சள் கம்பியில் பட்டு, அது உலோகச் சட்டத்தைத் தொட்டது. பச்சை விளக்கு எரிந்தது.

ராக்கெட்டில் கியூப்சாட் ஒரு கூண்டுக்குள் அழுத்தி வைக்கப்பட்டிருக்கும். அந்த அழுத்தத்தில் ஒரு சுவிட்ச் அமுங்கி, மின்சாரத்தை முழுவதும் துண்டித்துவிடும். வெளியே தள்ளப்பட்ட பிறகுதான் சுவிட்ச் விடுபட்டு உயிர் வரும். எங்கள் மாதிரியில் கூண்டும் இல்லை, சுவிட்சும் இல்லை. அதற்குப் பதிலாக மஞ்சள் கம்பி. அதை உலோகச் சட்டத்தோடு, அதாவது மின்சுற்றின் தரைமுனையோடு, சேர்த்தால் "வெளியே வந்துவிட்டோம்" என்று பெட்டி புரிந்துகொள்ளும். எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் அதை ஒரு வரி எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தால் ஆறு வாரம் மிச்சமாகியிருக்கும். அந்தக் கோபம் எனக்கு வெகுநாள் இருந்தது.

8 ஜூன் 2024

"கலாம் எம்ஐடியில் மூன்று நாளில் விமானத்தை வடிவமைத்துக் காட்டவில்லையா, இவர்களுக்கு ஒன்பது வருடமா?" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தாழப் பறந்து தாக்கும் விமானத்தின் வடிவமைப்பைப் பேராசிரியர் சீனிவாசன் நிராகரித்து மூன்று நாள் கெடு வைத்ததைக் கலாமே பதிவு செய்திருக்கிறார். அது வரைபடத்தில் முடிந்த வேலை. தெரிந்த ஒருவர் ஊண் உறக்கமின்றி உட்கார்ந்தால் முடியும். பெட்டியைச் செய்து, பிறர் செய்த ராக்கெட்டில் ஏற்றி, யாரும் தொட முடியாத இடத்தில் அதை வேலை செய்யவைப்பது தனி மனிதரின் முயற்சியால் சுருங்காது. இரண்டையும் ஒப்பிட்டு மாணவர்களைக் கடிந்துகொள்வதில் எனக்கு உடன்பாடில்லை.

11 ஜூன் 2024

7-ஆம் தேதி எழுதியதில் ஒரு பெரிய திருத்தம்.

என்னை மாடியில் வந்து கேட்ட அதே சீனியர் அண்ணன் இந்த இழையைப் படித்திருக்கிறார். நேற்று தனியே எழுதினார். மஞ்சள் கம்பியைப் பற்றி அவர்கள் எழுதி வைத்திருந்தார்களாம். துறை நூலகத்தில் வைத்த புராஜெக்ட் ரிப்போர்ட்டின் பின்னிணைப்பில், கம்பிகளின் நிறப் பட்டியலோடு. பக்கத்தின் படத்தையும் அனுப்பியிருந்தார். "மஞ்சள்: விடுபடு சுவிட்சுக்கு மாற்று, லேபில் தரைமுனையோடு இணைக்க" என்று அவர் கையெழுத்திலேயே இருக்கிறது.

தங்க எழுத்துப் பொறித்த நீல அட்டைக்குள் அந்த வரி பதினைந்து வருடமாக இருந்திருக்கிறது. நாங்கள் ஆறு வாரத்தில் ஒருமுறைகூட நூலகத்துக்குப் போய் அதை எடுத்துப் பார்க்கவில்லை. அந்த அட்டை போட்ட புத்தகங்கள் மதிப்பெண்ணுக்காக எழுதப்படுபவை, படிக்கப்படுபவை அல்ல என்று எங்களுக்கு அப்போதே மனத்தில் பதிந்துவிட்டிருந்தது. அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். இங்கும் கேட்டுக்கொள்கிறேன்.

11 ஜூன் 2024, இரவு

ஆனால் யோசிக்க யோசிக்க, குற்றம் எங்கள் சோம்பலில் மட்டும் இல்லை என்று தோன்றுகிறது. அந்த வரி இருந்த இடம் தவறு. அது பெட்டியின்மேல் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். ரிப்போர்ட் வெளித்தேர்வாளருக்காக எழுதப்பட்டது: முன்னுரை, ஆய்வுப் பின்னணி, கட்டப்படம், முடிவுரை. வைவாவில் அவர் புரட்டிப் பார்த்தது பத்து நிமிடம். அடுத்த ஜூலையில் வரப்போகும் இரண்டாம் ஆண்டு மாணவனை நினைத்து ஒரு பக்கமும் எழுத எவரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. அதற்கு மதிப்பெண்ணும் இல்லை.

2003 ஜூன் 30 அன்று முதன்முதலாகக் கியூப்சாட்கள் ரஷ்யாவின் பிளெசெட்ஸ்கிலிருந்து விண்ணுக்குப் போயின. டோக்கியோ பல்கலைக்கழகத்தின் ஒரு பெட்டி பதினைந்து ஆண்டுகளுக்கும் மேல் பேசிக்கொண்டிருந்தது. டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்களின் டிடியுசாட் ஒருநாளும் பேசவில்லை. அதே நாட்டின் ஆல்போர்க் பல்கலைக்கழக மாணவர்களின் பெட்டி மெல்லிய குரலில் கொஞ்ச காலம் பேசி, பேட்டரி கெட்டு ஓய்ந்தது. ஆல்போர்க் மாணவர்கள் அடுத்த பெட்டியைச் செய்தார்கள். ஆவுசாட்-2 என்று பெயர். அது எங்கே ஏறிப் போனது தெரியுமா? மேலே சொன்ன பிஎஸ்எல்வி-சி9-இல், டெல்ஃபி-சி3-க்குப் பக்கத்தில். முதல் பெட்டி தோற்றதை இரண்டாவது குழு கையில் வைத்துக்கொண்டு வேலை செய்திருக்கிறது. எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

14 ஜூன் 2024

கேள்வி கேட்ட அம்மா மறுபடி எழுதியிருக்கிறார்: "நீங்கள் சொல்வதெல்லாம் குழுவுக்கு நல்லது. நடுவில் இரண்டு வருடம் உழைத்துவிட்டுப் போகிற என் மகனுக்கு என்ன நல்லது?"

நியாயமான கேள்வி. இதற்கு முன் நான் எழுதியவற்றில் இதைத் தவிர்த்துவிட்டுப் போயிருக்கிறேன். பிரதம் குழுவில் 2011-இல் சேர்ந்து 2013-இல் வெளியேறிய ஒரு மாணவனை நினைத்துப் பாருங்கள். தொடக்கத்தின் உற்சாகமும் அவனுக்கு இல்லை, ஏவப்பட்ட நாளின் மகிழ்ச்சியும் இல்லை. அவன் செய்த பலகையைப் பின்னால் வந்தவர்கள் மாற்றியிருக்கவும் கூடும். அவனிடம் "பொறுமையே பெரிது" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும்.

அவன் அப்பா சொல்லும் ஆறு மாதப் புராஜெக்டையும் எடுத்துப் பாருங்கள். உண்மையாகச் செய்தால் அது மிக நல்லது; மறுக்கவில்லை. நம் ஊர்களில் பெரும்பாலும் நடப்பது வேறு. பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடியில் புராஜெக்ட் சென்டர் இருக்கும். ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பின் ஆய்வுக் கட்டுரைகளிலிருந்து எடுத்த தலைப்புப் பட்டியலில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பணம் கட்டினால், பலகை, நிரல், ரிப்போர்ட், வைவாவுக்கான கேள்வி பதில் எல்லாம் ஒரே பையில் கிடைக்கும். என்னோடு படித்தவர்களில் பலர் அப்படித்தான் முடித்தார்கள். அவர்களைப் பழிக்கவும் எனக்கு மனமில்லை. அரியர்களுக்கும் கேம்பஸ் தேர்வுக்கும் நடுவில் வேறு வழி தெரியாமல் செய்தார்கள். அந்தப் பலகை வைவா முடிந்த மறுநாள் குப்பைக்குப் போகும். அது எதற்காக ஓடியது என்பதும் செய்தவனுக்குத் தெரியாது, எப்போது நின்றுபோகும் என்பதும் தெரியாது.

உங்கள் மகனுக்கு நேரடியாகக் கிடைப்பது இது: பிறர் செய்த, பாதியில் நிற்கிற, தனக்கு முழுதாகப் புரியாத ஒரு கருவியை வாங்கி, அதை உடைக்காமல் ஒரு படி முன்னே நகர்த்துகிற பழக்கம். நான் பதினான்கு வருடமாக வேலையில் இருக்கிறேன். வெற்றுத்தாளில் தொடங்கிய வேலை எனக்கு இரண்டே முறைதான் கிடைத்தது. மற்றதெல்லாம் யாரோ விட்டுப்போன மஞ்சள் கம்பிகள்தான். நேர்முகத் தேர்வில் அவனிடம் "உன் செயற்கைக்கோள் பறந்ததா?" என்று கேட்பார்கள். "இல்லை, நான் வாங்கியபோது எந்த நிலையில் இருந்தது, கொடுத்தபோது எந்த நிலையில் இருந்தது என்று காட்டுகிறேன்" என்று அவன் சொல்ல முடிய வேண்டும். சொல்ல முடியாவிட்டால் உங்கள் கணவரின் பேச்சில் நியாயம் இருக்கிறது. அவன் அந்தக் குழுவில் இருக்க வேண்டியதில்லை.

15 ஜூன் 2024

ஒரு சிறு சேர்க்கை. டெல்ஃப்ட் மாணவர்களின் இரண்டாவது செயற்கைக்கோள் டெல்ஃபி-என்3எக்ஸ்ட் 2013 நவம்பரில் ஏவப்பட்டு, 2014 பிப்ரவரியில் பேச்சு நின்றது. ஏழு வருடம் கழித்து, 2021 பிப்ரவரியில் அது மறுபடி பேசத் தொடங்கியது. பேசியபோது, வருகிற எண்களுக்கு என்ன பொருள் என்று படித்துச் சொல்ல அங்கே ஆள் இருந்தார்கள், ஆவணமும் இருந்தது. பேட்டரி இல்லாத டெல்ஃபி-சி3 பதினைந்து வருடம் வெயிலில் விழித்து, நிழலில் உறங்கி, 2023 நவம்பரில் காற்றுமண்டலத்தில் எரிந்துபோனது. அந்தச் செய்தியைப் படித்த அன்று ஹாஸ்டல் மாடிதான் நினைவுக்கு வந்தது.

19 ஜூன் 2024

எதிர்பாராத ஒன்று நடந்திருக்கிறது. நான் படித்த கல்லூரியில் இப்போது மூன்றாம் ஆண்டு படிக்கும் தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார். லேப் அலமாரியின் மேல்தட்டில், தூசி படிந்த ஒரு அட்டைப்பெட்டிக்குள் அந்த மாதிரி இன்னும் இருக்கிறதாம். படம் அனுப்பினார். மஞ்சள் கம்பியின் முனை கறுத்திருக்கிறது. "அண்ணா, இதை ஓடவைக்க முடியுமா?" என்று கேட்கிறார்.

அண்ணன்களைக் குறை சொன்ன நான், 2010-இல் எதை எழுதி வைத்துவிட்டு வந்தேன் என்று தேடிப் பார்த்தேன். நீல அட்டை போட்ட ஒரு ரிப்போர்ட். அதில் முன்னுரை மட்டும் எட்டுப் பக்கம் இருக்கிறது. எங்களை அதிகம் வருத்திய கோளாறைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அதை இப்போது எழுதுகிறேன்.

தம்பி, ஆன்டெனா மேலே போகும்வரை மடங்கியிருக்க வேண்டும். அதுவும் இஞ்ச் டேப் துண்டுதான். மடக்கி, தூண்டில் நரம்பால் கட்டியிருக்கும். நரம்பின்மேல் ஒரு நிக்ரோம் கம்பிச் சுருள் படுகிறது. மின்சாரம் பாய்ந்தால் கம்பி சிவந்து, நரம்பு உருகி அறும்; டேப் தானாக நிமிரும். வெளியே தள்ளப்பட்டு முப்பது நிமிடம் கழிந்த பிறகே இதைச் செய்ய வேண்டும் என்பது கியூப்சாட் விதி. ராக்கெட்டிலும் பக்கத்துப் பெட்டிகளிலும் மோதக் கூடாது என்பதற்காக. எங்கள் பெட்டி முப்பது நிமிடம் எண்ணும், நிக்ரோமுக்கு மின்சாரம் கொடுக்கும், அந்த நொடியில் பேட்டரி மின்னழுத்தம் சரிந்து மைக்ரோகன்ட்ரோலர் அணைந்து மறுபடி தொடங்கும். தொடங்கியதும் முதலிலிருந்து முப்பது நிமிடம் எண்ணும். மறுபடி சரியும். விண்வெளியில் இது நடந்திருந்தால், தரையில் இருக்கும் எவருக்கும் ஒரு ஒலியும் கேட்காமல், அது பல மாதம் தனக்குள் எண்ணிக்கொண்டே சுற்றியிருக்கும். லேபில் நாங்கள் இதை மூன்று இரவுகள் கண்விழித்துப் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம்.

இரண்டு மாற்றங்கள் செய்தோம். கட்டுப்பாட்டுப் பலகைக்குத் தனியாக, மின்சாரத்தைச் சிறிது சேர்த்துவைக்கும் ஒரு பெரிய கெபாசிட்டர் வைத்தோம். டயோடுக்குப் பின்னால் இருக்கும் நீல உருளை அதுதான், எடுத்துவிடாதீர்கள். நிக்ரோமை இயக்குவதற்கு முன்னால், "முயன்றுவிட்டேன்" என்று, மின்சாரம் போனாலும் அழியாத நினைவகமான ஈஈபிராமில் ஒரு எண்ணை எழுதி வைக்கும்படி நிரலை மாற்றினோம். மறுபடி தொடங்கினால் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, எண்ணாமல் அடுத்த வேலைக்குப் போகும். நீங்கள் முதல்முறை ஓடவைக்கும்போது அந்த எண் பழையதாகவே இருக்கும். அதை அழித்துவிட்டுத் தொடங்குங்கள்.

உள்ளே இருக்கும் இரண்டு லித்தியம் செல்களைச் சார்ஜ் செய்ய வேண்டாம். பதினான்கு வருடம் கிடந்தவை. மின்னழுத்தம் இரண்டு வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருக்கும், சார்ஜ் ஏற்றினால் தீப்பிடிக்கலாம். கழற்றி மின்கழிவில் சேர்த்துவிட்டு, லேபில் உள்ள மின்வழங்கியிலிருந்து 7.4 வோல்ட் கொடுங்கள். மின்னோட்ட வரம்பை இரண்டு ஆம்பியரில் வையுங்கள். அதற்குக் கீழே வைத்தால் நிக்ரோம் சிவக்காது.

நூலகத்தில் 2009-ஆம் வருட ரிப்போர்ட்டின் பின்னிணைப்பைப் படமெடுத்து, பெட்டியின் மூடியில் ஒட்டுங்கள். இந்தக் குறிப்பையும் அச்சிட்டு அதன் கீழே ஒட்டிவிடுங்கள். மஞ்சள் கம்பியின் கறுத்த முனையைச் சீவிவிட்டுத் தரைமுனையோடு சேருங்கள். பச்சை விளக்கு எரிந்த பிறகு முப்பது நிமிடம் ஒரு சத்தமும் வராது. எதையும் கழற்றாமல் காத்திருங்கள்.